நடத்துவதா, நிறுத்துவதா? – 2020ஆம் ஆண்டின் சில நாட்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பள்ளியின் பொருட்கிடங்கைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்ட பதாகை ஒன்று கிடைத்தது. விரித்துப் பார்த்தால், 'தமிழாசிரியர் கருத்தரங்கு, 14.3.2020, சனிக்கிழமை' என்றிருந்தது. உடனிருந்த பயிற்சி ஆசிரியை, "இது எப்படி ஐயா நடந்தது?" என்று வினவினார். நடக்கவில்லை என்றேன். ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்லத் தொடங்கியபொழுதுதான், அது எங்கள் மலையின் கதை மட்டுமன்று என்பது எனக்கே உறைத்தது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழாசிரியர்களுக்கு மாநாடு என்பது வெறும் கூட்டம் அன்று. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது 1966இல், நம் கோலாலம்பூரில். அந்தப் பெருமிதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேமரன் மலையிலோ, வெளியூர் அறிஞர் ஒருவர் வளைவுச் சாலையில் தலைசுற்றல் தாங்கி ஏறி வருவதே அரிது. ஏறத்தாழ 300 பேரை மலைக்கு அழைத்து ஒரு நாள் கருத்தரங்கு நடத்துவது எங்கள் குழுவின் இரண்டாண்டுக் கனவு. ஜொகூர், பினாங்கு, தலைநகர் எனப் பல இடங்களிலிருந்தும் பெயர் கொடுத்திருந்தார்கள்.

குழுவில் பதினொரு பேர். மார்ச் 10, செவ்வாய்க்கிழமை மாலை முதன்முதலாக 'நடத்துவதா?' என்ற வினா எழுந்தது. வாக்கெடுத்தோம். எழுவர் நடத்தலாம் என்றனர். அந்த எழுவரில் நானும் ஒருவன். உரக்கப் பேசியவனும் நானே.

என் வாதம் இதுதான். நம் நாட்டில் முதல் நோயாளிகள் சனவரி 25 அன்று கண்டறியப்பட்டனர். பின்னர் எண்ணிக்கை 22 ஆனது. அவர்கள் அனைவரும் குணமடைந்துவிட்டனர். பிப்ரவரி நடுவில் தொடங்கிப் பதினொரு நாட்கள் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. பிப்ரவரி 8 அன்று பத்துமலையில் தைப்பூசம் நடந்ததே, இலட்சக்கணக்கில் மக்கள் கூடினார்களே, ஒன்றும் ஆகவில்லையே? 300 பேர் எம்மாத்திரம்? கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இன்று நினைத்தால், ஒரு முறை ஆற்றைக் கடந்தவன் ஆழத்தை அளந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது போன்ற வாதம் அது.

எண்ணிக்கை சிறியது என்பதே பொருந்தாத ஆறுதல். அதற்குச் சான்று எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. சனவரி 20 முதல் 22 வரை சிங்கப்பூர் விடுதி ஒன்றில் வணிக நிறுவனக் கூட்டம் ஒன்று நடந்தது. கலந்துகொண்டோர் 109 பேர்தான். அங்கிருந்து நோய் தென்கொரியாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றது. பிப்ரவரி 4 அன்று தொற்று உறுதி செய்யப்பட்ட முதல் மலேசியரும் அக்கூட்டத்தில் கலந்துகொண்டவரே. நாளிதழில் நான் அதைப் படித்திருந்தேன். படித்ததற்கும் வாக்களித்ததற்கும் இடையே தொடர்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்பொழுது அந்த ஆண்டின் பிப்ரவரி இறுதி வாரத்தைப் பார்ப்போம். ஒரே வாரத்தில் மூன்று கூட்டங்கள். பிப்ரவரி 26, 27இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பயோஜென் என்னும் மருந்து நிறுவனத்தின் கூட்டம். ஏறத்தாழ 175 பேர். திட்டமிட்டபடி நடந்தது. பின்னாளில் நச்சிலின் மரபணுவைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அக்கூட்டத்தின் வழியாகப் பரவிய தொற்று நவம்பர் தொடக்கத்துக்குள் மூன்று இலட்சம் பேர் வரை எட்டியிருக்கலாம் என மதிப்பிட்டனர். இரண்டாவது, டென்வர் நகரில் மார்ச் 2 அன்று தொடங்கவிருந்த அமெரிக்க இயற்பியல் கழக மாநாடு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவேண்டியது. பிப்ரவரி 29 இரவு அதை இரத்து செய்தார்கள். பலர் அதற்குள் டென்வருக்கே வந்துவிட்டிருந்தனர், திட்டுகள் ஏராளம். அப்பொழுது அமெரிக்காவில் அறியப்பட்ட நோயாளிகள் சிலரே. கழகத்தார் உள்ளூர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை. வருவோர் எந்தெந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தார்கள்.

மூன்றாவது நம் நாட்டில். பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் தப்லீக் ஒன்றுகூடல் நடைபெற்றது. சுமார் 16,000 பேர். அவர்களுள் 1,500 பேர் வெளிநாட்டினர். அந்த நாட்களில் நாட்டில் யார் பொறுப்பில் இருந்தார்கள் என்பதையும் நினைவுகூர வேண்டும். பிப்ரவரி 24 அன்று துன் மகாதீர் பதவி விலகினார், அமைச்சரவை கலைந்தது. மார்ச் 1 அன்று டான்ஸ்ரீ முகிதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். புதிய அமைச்சர்கள் பதவியேற்றது மார்ச் 10 அன்று, அதாவது நாங்கள் வாக்கெடுத்த அதே செவ்வாய்க்கிழமை. ஒன்றுகூடல் நடந்த நாட்களில் சுகாதார அமைச்சுக்கு அமைச்சரே இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் நாற்காலி காலியாக இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 9 அன்று புருணையில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அந்த ஒன்றுகூடலுக்குச் சென்று திரும்பியவர். அதன் பிறகே இங்கே தேடல் விரைவு பெற்றது. ஜூலை 8 அன்று அந்தத் திரள் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபொழுது, நோயுற்றோர் 3,375 பேர். இறந்தோர் 34 பேர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பொழுது நம்மவர் புலனக் குழுக்களில் அந்தச் சமயத்தாரை இழித்துப் பேசிய செய்திகள் பல வந்தன. நானும் ஒன்றிரண்டைக் கடத்தியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதே பிப்ரவரியில் நாம் அதனினும் பெரிய கூட்டம் கூடியிருந்தோம். நம்மிடமிருந்து திரள் எதுவும் அறிவிக்கப்படாததற்கு நம் விவேகம் காரணமன்று. மூன்று வாரம் முந்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என அறிவித்தது. மறுநாள் மாலை, குழுவின் மூத்தவரான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எங்களை மீண்டும் கூட்டினார். செவ்வாயன்று அவர் அதிகம் பேசவில்லை. இம்முறை வந்தமர்ந்ததும், "பேர்ப் பட்டியலை எடுங்க" என்றார். ஊர்வாரியாகப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் அவர் கேட்டது இதுதான்: "இவங்க எங்கேருந்து வர்றாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கூட்டம் கலைஞ்ச பிறகு நம்ம பிள்ளைங்க யார் வீட்டுக்குப் போவாங்க?"

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இவ்வினாவின் கனம் விளங்காது. 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலம் தொட்டு இங்கே மக்கள் வாழ்ந்தது லயங்களில். ஒரே கூரை, ஒட்டிய சுவர்கள். ஒரு வீட்டில் தாளித்தால் நான்கு வீடுகளில் தும்முவார்கள். இளையோர் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றுவிட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பாட்டிமார்தாம். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் காய்த்துப்போன, எழுபது கடந்த பாட்டிமார். கருத்தரங்கில் தொண்டூழியம் செய்யவிருந்த நாற்பது மாணவர்களில் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வருபவர்கள். பெரிய மருத்துவமனை என்றால் மலையிறங்க வேண்டும்.

எவரும் வாக்கெடுக்கச் சொல்லவில்லை. இரவு எட்டரை மணிக்கு நிறுத்துவதென முடிவாயிற்று. நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

அதன் பின்பு வந்தவை கசப்பானவை. பினாங்கிலிருந்து ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பயந்தாங்கொள்ளிகள்" என்றார். அச்சகத்துக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை. உணவுக்குப் பொறுப்பேற்றிருந்த அம்மாவிடம் செய்தி சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். "அரிசி, பருப்பு எல்லாம் வாங்கிட்டேன் சார், இப்ப நான் என்ன செய்வேன்?" என்று அவர் வாசலிலேயே நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். மீதியை எங்கள் கைப்பணத்திலிருந்து கொடுத்தோம்.

மறுநாள், மார்ச் 13 வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 30 வரை எல்லாப் பெருங்கூட்டங்களையும் ஒத்திவைக்கவோ இரத்து செய்யவோ வேண்டுமென்று பிரதமர் அறிவித்தார். அரசாங்கமே நிறுத்தியிருக்கும், நாம் ஏன் முந்தினோம், ஒரு நாள் பொறுத்திருந்தால் பழி நமக்கில்லையே என்று குழுவில் ஒருவர் வருந்தினார். அவ்வாறன்று. அந்த ஒரு நாளில்தான் தொலைவூர்க்காரர்கள் பேருந்தில் ஏறியிருப்பார்கள். இந்தோனேசியாவின் கோவா மாவட்டத்தில் அவ்வாறுதான் ஆயிற்று. அங்கு நடக்கவிருந்த தப்லீக் ஒன்றுகூடலை மார்ச் 18 அன்று நிறுத்தினார்கள். அதற்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்துவிட்டிருந்தனர். ஆட்கள் வந்து சேர்ந்த பின்பு நிகழ்ச்சி மட்டும்தான் நிற்கும், கூட்டம் நிற்காது.

இத்தகைய முடிவு புதியதும் அன்று. 2003இல், நான் மக்தாப்பில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், சார்ஸ் நோய் டொரொன்டோ நகரில் பரவியது. ஏப்ரல் தொடக்கத்தில் அங்கு கூடவிருந்த அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டைச் சில நாட்களுக்கு முன்பு இரத்து செய்தார்கள். எதிர்பார்க்கப்பட்டோர் ஏறத்தாழ 16,000 பேர். பலர் புற்றுநோய் மருத்துவர்கள். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய நோயாளிகளிடம் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள். ஜூலையில் வாஷிங்டனில் அந்த மாநாடு நடந்தது. அவர்களும் எங்கள் மூத்தவர் கேட்ட வினாவைத்தான் கேட்டிருக்கிறார்கள் போலும்.

மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. முதல் வாரத்தில் கேமரன் மலை விவசாயிகள் விற்க வழியின்றிக் காய்கறிகளை மலைபோல் கொட்டினார்கள். அந்த அம்மா வாங்கி வைத்த அரிசியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் விலை கொடுத்து வாங்கிப் பொட்டலங்களாகக் கட்டி லயங்களில் கொடுத்தனர். தொடக்கப் பள்ளிகள் ஜூலையில்தான் படிப்படியாகத் திறந்தன. அவ்வாண்டு மலேசியா ஏற்று நடத்திய ஏபெக் உச்சநிலை மாநாடே நவம்பரில் இயங்கலையில் நடந்தது. 2021 தைப்பூசத்தன்று பத்துமலையில் பக்தர் கூட்டம் இல்லை.

கருத்தரங்கை நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வந்திருக்கக்கூடிய 300 பேரில் எவருக்குமே நோய் இல்லாமல் இருந்திருக்கலாம். நிறுத்தியதால் ஒரு பாட்டி பிழைத்தார் என்று எவரையும் சுட்டிக்காட்ட என்னால் இயலாது. பினாங்கு நண்பர் இன்றும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார். என்னிடம் விடை இல்லை.

பதாகையைத் தூக்கி எறியலாமா என்று பயிற்சி ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். தேதியை மட்டும் மாற்றி ஒட்டலாம். துணி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.