புல்லட்டும் ஜாவாவும்: ஒரு போட்டியின் வரலாறு

மக்கள் தாம் பயன்படுத்தும் பொருள்கள்மீது வைக்கும் பற்று விந்தையானது. வீட்டு அம்மி எந்த ஊர்க் கல்தச்சனிடம் வாங்கியது, அரிவாள்மணை எந்தக் கொல்லனின் உலையில் அடித்தது என்று பாட்டிமார் பெருமையோடு கூறுவதுண்டு. ஆயினும் அம்மியின் பொருட்டு இரு குடும்பங்கள் வாதிட்டதாக நாம் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிளின் கதை வேறு. டில்லியிலோ, புணேயிலோ, பெங்களூரிலோ ஒரு தேநீர்க் கடை வாசலில் பழைய புல்லட் ஒன்றும் பழைய ஜாவா ஒன்றும் அருகருகே நின்றால் போதும்; எது உயர்ந்தது என்ற வழக்கு அங்கே தானே எழும். தேநீர் ஆறிப்போகும், வழக்கு ஆறாது. இந்தப் பற்றும் போட்டியும் நம் நாட்டில் எவ்வாறு தோன்றின, அவற்றால் விளைந்தது யாது என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

முதலில் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் சிற்றூரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த தொடர்பால் அதற்கு அப்பெயர் வந்தது. துப்பாக்கியைப் போன்ற உறுதியுடன் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பர வாசகமாகவும் அமைந்தது. 1932-இல் அந்நிறுவனம் ஒரு வண்டிக்குப் புல்லட் என்று பெயரிட்டது. 1950-களின் தொடக்கத்தில் இந்தியத் தரைப்படை, மலையும் மணலும் நிறைந்த எல்லைப்புறங்களில் ஓடத்தக்க வண்டி வேண்டுமென நாடியபோது, 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அவ்வண்டிகளைத் தருவித்துக் கொடுத்தது சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம்.

படையின் தேவை பெருகவே, வண்டிகளை இங்கேயே செய்வது நலமென்று கருதப்பட்டது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை நிறுவின. சென்னைக்கு வடக்கே, கடலோரத் தலமாகிய திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956-இல் வேலை தொடங்கிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து பகுதிகளாக வந்தவற்றைப் பூட்டி முடிப்பதே பணியாக இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. நாளடைவில் உறுப்புகள் ஒவ்வொன்றும் இம்மண்ணிலேயே உருவாகலாயின.

ஜாவாவின் பிறப்பிடம் செக்கோஸ்லோவாகியா. ஆயுத உற்பத்தியில் ஈடுபட்டிருந்த ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்பவர் 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையைப் பெற்றார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரர் என்பதன் முதல் இரண்டு எழுத்துகளையும் ரோமன் லிபியில் சேர்த்து அவர் அமைத்த பெயரே ஜாவா. கீழைக்கடலிலுள்ள ஜாவாத் தீவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பம்பாயில் இவ்வண்டிகளை வியாபாரம் செய்துவந்த பார்சிக் குடும்பத்தினரான இரானியர், மைசூரின் யாதவகிரிப் பகுதியில் ஐடியல் ஜாவா என்ற தொழிற்சாலையை அமைத்தனர். 1961-இல் அதனைத் திறந்து வைத்தவர், அப்போது மைசூர் மாநில ஆளுநராக விளங்கிய ஜயசாமராஜ உடையார். 1970-களில் வண்டியின் பெயர் யெஸ்டி என மாறியது. பெயர் மாறினும் வண்டியின் குணம் மாறவில்லை.

இதே காலத்தில் வடக்கே ஃபரீதாபாதில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், போலந்து நாட்டு வண்டியொன்றின் அமைப்பைத் தழுவி, ராஜ்தூத் என்ற 175 சி.சி. வண்டியைச் செய்யலாயிற்று. ஆங்கில வண்டி ஒன்று, செக் வண்டி ஒன்று, போலந்து வண்டி ஒன்று என மூன்று அயல்நாட்டு நாற்றுகள் பாரதத்தின் மூன்று ஊர்களில் வேரூன்றின. அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் வாங்க விழைந்தவர் பெரும்பாலும் இம்மூன்றனுள் ஒன்றையே நாட வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் அக்காலப் பொருளாதார அமைப்பு. அந்நியச் செலாவணி மிக அரிதாக இருந்தது. வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. உள்நாட்டுத் தொழிற்சாலையும் எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் பெறவேண்டும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நம் நேயர்களில் மூத்தோர் அறிவர். இவ்வாறு அரிதிற் பெற்ற வண்டியை எளிதில் எவரும் விற்கமாட்டார். தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டினான்; தம்பி ஓட்டக் கற்றதும் அதில்தான். ஆகவே ஒருவன் தன் வண்டியைத் தேர்ந்தெடுத்தான் என்பதைவிட, நிலபுலனைப் போல அதனைப் பரம்பரையாகப் பெற்றான் என்றே கூறலாம்.

நெடுங்காலம் உடனிருந்தால் மட்டும் பற்று உண்டாகிவிடுமா? அவ்வண்டிகள் தம்மை ஓட்டுபவரிடம் ஒரு கல்வியையும் வேண்டின. பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல மிதித்து, அம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தைக் காணவேண்டும். டிகம்ப்ரஸர் எனப்படும் சிறு பிடியை இழுத்து, கிக்கரைச் சற்றே அழுத்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகே ஓங்கி உதைக்க வேண்டும். முறை தவறினால் வண்டி திருப்பி உதைக்கும். முழங்கால் வலியோடு அப்பாடத்தைக் கற்றவர் பலர். ஜாவாவின் வழி வேறு. அதில் உதைத்துக் கிளப்பும் கோலே, மடக்கித் திருப்பியதும், கியர் மாற்றும் கோலாகிவிடும். கியரை அழுத்தும்போது கிளட்ச் தானே விலகிக்கொடுக்கும் நயமும் அதில் உண்டு. ஒன்று ஃபோர் ஸ்ட்ரோக். மற்றொன்று பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக். ஒன்றின் ஓசை நிதானமாக அடிக்கும் முரசு. மற்றதன் இரு சைலன்சர்களிலிருந்து எழுவது விட்டுவிட்டு வரும் ஓர் இனிய படபடப்பு. கண்ணை மூடிக்கொண்டே தெருக்கோடியில் வருவது யாருடைய வண்டி என்று சொல்லக்கூடியவர்கள் அக்காலத்தில் இருந்தனர்.

கற்ற கல்வியைக் கைவிட மனிதனுக்கு மனம் வருவதில்லை. புல்லட்டின் குணமறிந்தவன் ஜாவாவின்மீது ஏறினால் மீண்டும் மாணவனாகிறான். போட்டியின் வேர் இங்கே இருக்கிறதென நாம் கருதுகிறோம். புல்லட்காரர் தம் வண்டியின் உறுதியைப் பேசினார். ஜாவாக்காரர் விரைவையும் ஒடிந்து திரும்பும் இலகுவையும் பேசினார். புல்லட் ஆயில் சிந்துகிறது என்று இவர் நகைத்தால், ஜாவா புகை கக்குகிறது என்று அவர் நகைப்பார். இரு குற்றச்சாட்டுகளிலும் உண்மை இருந்தமையால் வழக்கு முடிவதற்கு வழியில்லாது போயிற்று.

வண்டி ஒவ்வொன்றும் ஒரு வகை மனிதரோடு சேர்த்து எண்ணப்படலாயிற்று. படையினரும் போலீஸாரும் ஏறியதால் புல்லட்டுக்கு ஒரு மிடுக்கு உண்டாயிற்று. பஞ்சாபில் அது வீட்டின் கௌரவச் சின்னமாயிற்று. கல்லூரி இளைஞரும் பந்தய வீரரும் ஜாவாவை விரும்பினர். இருபுறமும் பால் பாத்திரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வட இந்தியக் கிராமப் பாதைகளில் ஓடிய பெருமை ராஜ்தூத்துக்கு உரியது. 1973-இல் வெளிவந்த ராஜ்கபூரின் 'பாபி' திரைப்படத்தில் கதாநாயகன் ஏறிய சிறு ராஜ்தூத்துக்குப் பாபி என்ற பெயரே நிலைத்துவிட்டது. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்து நெடுஞ்சாலையோரம், விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் புல்லட்டே வழிபடப்பெறும் ஓம் பன்னா கோயிலும் உண்டு. அவ்வழியே செல்வோர் வண்டியை நிறுத்தி, நல்வழிப் பயணம் வேண்டி வணங்கிச் செல்கின்றனர். யந்திரத்தின்மீது வைத்த பற்று பக்தியாகவே மாறியதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு அன்பும் அவ்வண்டிகளைச் செய்த தொழிற்சாலைகளைக் காத்ததா என்பதே வரலாறு எழுப்பும் கடினமான கேள்வி. 1980-களின் நடுவில் அரசாங்கத்தின் கொள்கை சற்றுத் தளர்ந்தது. ஜப்பானியக் கூட்டுறவுடன் 100 சி.சி. வண்டிகள் வந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் வந்தன. இவற்றைக் கிளப்பச் சடங்கு வேண்டாம். ஒரு மிதி போதும். பெட்ரோலும் குறைவாகவே செலவாகும். அலுவலகம் செல்லும் நடுத்தரக் குடும்பத்தினர் இவற்றைப் பெரிதும் வரவேற்றனர். பழைய வண்டியின் அன்பர்களோ தம் பழைய வண்டியையே பேணி ஓட்டினர். இதில் ஒரு முரண் உண்டு. வண்டியை உயிர்போல் பேணுபவன் புதிய வண்டி வாங்குவதில்லை; புதிய வண்டி விற்காமல் தொழிற்சாலை பிழைப்பதில்லை.

மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. கடன் சுமையும், தொழில் தகராறும், டூ ஸ்ட்ரோக் இஞ்சின்களை நெருக்கிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வண்டியை நேசித்தவருக்கு அது ஒரு நினைவின் முடிவு. அதனைச் செய்த தொழிலாளருக்கோ அது பிழைப்பின் முடிவு. போட்டியில் புல்லட் வென்றது என்று அந்நாளில் மகிழ்ந்தவர் இருந்தால், அவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

புல்லட்டுக்கும் அதே கதி நேர்ந்திருக்கும். இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் அந்நாட்டில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் அவ்விளக்கு அணையாமல் எரிந்தது. 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய்வீட்டில் மறந்துபோன பாட்டை மகள் சென்று பாடிக் காட்டியது போன்றது அந்நிகழ்ச்சி. ஆயினும் ஜப்பானிய வண்டிகளின் வருகைக்குப் பின் இங்கும் விற்பனை தளர்ந்தது. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதனைக் கைவிட்டுவிடலாமா என்ற யோசனை கூட எழுந்தது.

அதனைக் காத்தது மாறுதல். பழைய வார்ப்பிரும்பு இஞ்சினை நீக்கிப் புதிய இஞ்சினை அமைத்தனர். வலக்காலில் இருந்த கியரை இடக்காலுக்கு மாற்றினர். சுவிட்சை அழுத்தினால் கிளம்பும் வசதியும் வந்தது. மூத்த அன்பர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. முரசொலி மெலிந்துவிட்டது என்றும், இது புல்லட்டே அன்று என்றும் குறைகூறினர். அவர்கள் குறை பொய்யன்று. அந்த ஓசை முன்போல் இல்லைதான். ஆனால் அம்மாறுதல் நேராதிருப்பின், இன்று குறைகூறுவதற்கும் ஒரு புதிய புல்லட் இருந்திராது. திருவொற்றியூரில் தொடங்கிய தொழில் பின்னர் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் பரவியது அம்மாறுதலின் பயனே.

ஜாவா அன்பர்கள் வேறொரு வழியில் தம் பற்றைக் காத்தனர். செய்பவர் இல்லாத வண்டிக்கு உறுப்புகளைத் தேடிப் பிடித்தனர். கிடைக்காதவற்றைக் கடைசல் பட்டறைகளில் செய்வித்தனர். பழைய மெக்கானிக்குகளைத் தேடிச் சென்று அவர்களிடம் பாடம் கேட்டனர். ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று பல நகரங்களில் அவர்கள் தம் வண்டிகளோடு கூடும் வழக்கமும் தோன்றியது. அந்த ஆர்வத்தைக் கண்டே போலும், 2018-இல் ஜாவா என்ற பெயரும் 2022-இல் யெஸ்டி என்ற பெயரும் புதிய வண்டிகளோடு மீண்டும் சந்தைக்கு வந்தன. யெஸ்டி என்னும் பெயர் யாருக்கு உரிமை என்ற வழக்கு கர்நாடக உயர்நீதிமன்றம் வரை சென்றது. பெயரின் உரிமையை நீதிமன்றம் ஆராயலாம். ஆனால் இருபதாண்டுக் காலம் கைவிடப்பட்ட வண்டிகளை எண்ணெயிட்டு ஓடவைத்தவர்களுக்கு அப்பெயரின்மீதுள்ள உரிமை எந்தப் பத்திரத்திலும் அடங்குவதன்று.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? புல்லட் ஆங்கிலேயருடையதா, தமிழருடையதா, பஞ்சாபியருடையதா? ஜாவா செக்கருடையதா, மைசூராருடையதா? பிறந்த ஊரை நோக்கி விடை கூறினால் பாதி உண்மையே கிட்டும். எங்கோ பிறந்து, இன்னோரிடத்தில் வேரூன்றி, வேறொரு நிலத்தில் ஓடி உழைத்த பொருள், தன்னைப் பேணியவர் அனைவருக்கும் உரியதாகிறது. சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழ்ந்துவரும் நம் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின் அடுத்த முறை தேநீர்க் கடை வாசலில் அவ்வழக்கு எழுமானால், தீர்ப்புக் கூற நாம் விரைய வேண்டாம். இரு திறத்தாரும் தத்தம் வண்டியின் குறையை நன்கறிந்தே அதன்மீது அன்பு வைத்தவர்கள். எதிரி வண்டியின் குறையைச் சொல்ல வல்லவர், அதனையும் ஒரு காலத்தில் உற்று நோக்கியவராகத்தான் இருக்கவேண்டும். அவர்களுள் ஒருவர் வண்டி வழியில் நின்றுவிட்டால், முதலில் இறங்கி வந்து ஸ்பேனரை நீட்டுபவர் பெரும்பாலும் அந்த எதிர்க்கட்சிக்காரரே.