அச்சமா, அழுகையா? தகடூர் நடுகற்களும் சமய ஆய்வாளர்களும்

தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது காரிமங்கலம். இவ்வட்டாரக் கல்லூரிகளில் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் ஒரு வேடியப்பனோ வேடியோ தென்படுவது வழக்கம். தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு வெளியே இப்பெயர் அவ்வளவாக வழங்குவதில்லை. வேடியப்பன் என்பது பல ஊர்களில் ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ நிற்கும் ஒரு பலகைக்கல்லின் பெயர். அக்கல்லில் வில்லும் வாளும் ஏந்தி, கால் பெயர்த்து நிற்கும் ஒரு வீரனின் உருவம் இருக்கும். சிலவற்றில் வட்டெழுத்துப் பொறிப்பும் உண்டு. பொங்கலிட்டு, சேவலோ ஆடோ பலி கொடுத்து வணங்கும் மக்களுக்கு அவன் தெய்வம். கல்வெட்டைப் படிப்பவர்க்கோ, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆநிரைப் பூசலில் மாண்ட ஒரு மனிதன்.

மாண்ட மனிதன் எவ்வாறு தெய்வமானான்? அவனைத் தெய்வமாக்கிய உணர்ச்சி எது? சமயம், அறம், உணர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருசேரத் தொடும் இவ்வினாவுக்கு முந்நூறு ஆண்டுகளாகப் பலர் விடை தேடியுள்ளனர். அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், அவை தகடூர்க் கற்களின் முன் எந்த அளவு நிற்கின்றன எனச் சோதிப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

இறையியலாளர் கண்டது

முதலில் வந்தவர்கள் கிறித்தவ இறையியல் பயின்றவர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமரபு குறித்து ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி முடித்தார். மும்மூர்த்திகளோடு நில்லாமல் ஊர்த்தெய்வங்களுக்கும் அதில் தனிப்பகுதி ஒதுக்கினார். அந்நூல் அச்சேற 1867ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனைப் பற்றி நூல் எழுதுவதை ஐரோப்பாவிலிருந்த மேலவர்கள் விரும்பவில்லை.

அடுத்தவர் கால்டுவெல். 1849இல் அவர் திருநெல்வேலி மக்களைப் பற்றி எழுதிய நூல், அதிலிருந்த இழிவுரைகளுக்காகப் பின்னாளில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆயினும் அதில் ஒரு கூர்மையான கவனிப்பு உண்டு. அம்மக்கள் வழிபடும் ஆவிகளுள் பல, கொலையாலோ விபத்தாலோ அகால மரணமுற்றவர்களின் ஆவிகள் என்பதை அவர் கண்டுகொண்டார். அவற்றை வணங்கத் தூண்டுவது அச்சம் ஒன்றே என்பது அவர் முடிவு. 1916இல் தென்னிந்திய ஊர்த்தெய்வங்கள் பற்றிய நூலை வெளியிட்ட சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட்டும் பெரிதும் இவ்வழியே சென்றார். நோய்க்கும் சாவுக்கும் அஞ்சிய மக்கள், சினம் தணியும்பொருட்டுப் பலி தருகின்றனர் என்பதே இவ்விளக்கத்தின் சாரம்.

இதனை மதவெறுப்பு என்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது. அவர்கள் கையில் சான்று குறைவு. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். கால்டுவெல் மறைந்தது 1891இல். இறந்தவனைக் கல்லில் வைத்து வணங்கிய தமிழர் தம் உள்ளத்தைத் தம் மொழியிலேயே சொல்லியிருந்ததைப் படிக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

கல் பேசத் தொடங்கியது

கற்களின் பேச்சு இன்னும் பிந்தியே கேட்கத் தொடங்கியது. 1961இல் தமிழகத் தொல்லியல் துறை தோற்றம் பெற்றபின், இரா. நாகசாமி தலைமையில் செங்கம், தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்யப்பட்டன. ‘செங்கம் நடுகற்கள்’ 1972இலும் தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதி 1975இலும் வெளிவந்தன. இலக்கண நூலிலும் சங்கப்பாடலிலும் மட்டும் அறியப்பட்டிருந்த நடுகல், அரசனின் ஆட்சியாண்டோடும் வீரனின் பெயரோடும் ஊரோடும் நம் முன் வந்து நின்றது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. இராசன் குழுவினர் தமிழ்பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல்லே இடம்பெற்றுள்ளது. ஆநிரை கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் வெட்சித்திணையில் ஆளும் அதே சொல். இலக்கணம் கற்பனையில் எழுந்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்றுண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டதை அது கூறுகிறது. அருகே ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனிப் பொறிப்பு உள்ளது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்குக் கல் எடுத்துள்ளனர்.

அச்சக் கொள்கை இவ்விடத்தில் இடறுகிறது. கொலையுண்ட மனிதனின் ஆவிக்கு ஊர் அஞ்சியது என்பதை ஏற்கலாம். ஒரு நாயின் ஆவிக்கும் ஒரு சேவலின் ஆவிக்குமா அஞ்சினர்? நாயின் பெயரைக் கல்லில் வெட்டியவன் உள்ளத்தில் இருந்தது வேறொன்று.

புலவர் சொன்னது

அந்த வேறொன்றைத் தகடூர் மண்ணுக்கு உரியவரே பாடியிருக்கிறார். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லின்முன் நின்று ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றின் 232ஆம் பாட்டு. பீலி சூட்டிய கல்லுக்குச் சிறுகலத்தில் கள் வார்க்கிறார்கள். நாடு முழுதும் கொடுத்தாலும் ஏற்க மறுத்தவன், இந்தச் சிறிதளவு கள்ளையா ஏற்பான் என்று கேட்கிறார் ஔவை. காலையும் மாலையும் இனி எனக்கு வேண்டா என்கிறார். இதில் அச்சத்தின் சாயல்கூட இல்லை. இன்னும் சொன்னால், அச்சடங்கின்மீதே ஒரு மெல்லிய ஐயம் இருக்கிறது. கல் தெய்வமாகிவிட்டது என்பதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. அவருக்கு வேண்டியது தெய்வமன்று, அதியமான்.

மாங்குடி கிழாரின் 335ஆம் பாட்டு இதற்கு நேர் எதிர்முனை. பகைவரைத் தடுத்து, யானையை வீழ்த்தி, தானும் வீழ்ந்தவனின் கல்லையன்றி நெல் தூவி வணங்குவதற்கு வேறு கடவுள் இல்லை என்று அது அறுதியிட்டுச் சொல்கிறது. தமிழில் இதைவிடச் சுருக்கமான இறையியல் கூற்று ஒன்றை நான் அறியேன். அள்ளூர் நன்முல்லையாரின் 306ஆம் பாட்டில் ஒரு பெண் நாள்தோறும் நடுகல்லைத் தொழுது, தனக்கு விருந்தினர் வாய்க்கவும் தன் கணவனுக்குப் போர் வாய்க்கவும் வேண்டுகிறாள். மூன்று பாடல்கள், ஒரே கல். ஒருவர் அழுகிறார், ஒருவர் பெருமிதம் கொள்கிறார், ஒருத்தி வரம் கேட்கிறாள்.

மெய்ப்பாட்டியல் என்னும் கருவி

இவ்வேறுபாட்டை விளக்கும் கருவி தொல்காப்பியத்திலேயே உள்ளது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் கூறுகிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை.

ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், சமயத்தின் வேர் ஒருவகை நடுக்கம் என்றார். மனிதனை மிரட்டும் அதுவே அவனை ஈர்க்கவும் செய்யும் என்றார். நம் நூல் இத்தகைய நடுக்கத்தை ‘அணங்கு’ என்னும் ஒற்றைச் சொல்லால் அச்சத்தின் முதல் நிலைக்களனாக வைத்துவிட்டது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நடுகல்லோடு தொடர்புடையவையாக இழவு பற்றிய அழுகையும், தறுகண் இசைமை பற்றிய பெருமிதமும் தனித்தனியே நிற்கின்றன. கால்டுவெல் அணங்கை மட்டும் கண்டார். இழவையும் இசைமையையும் காணத் தவறினார்.

ஜார்ஜ் ஹார்ட் 1975இல் பழந்தமிழ்ப் பாடல்கள் பற்றிய தம் நூலில், அணங்கு என்பது கட்டுப்படுத்தப்பட வேண்டிய ஒரு புனித ஆற்றல் என்றும், பெண்ணிடமும் நடுகல்லிடமும் பிறவற்றிடமும் அது உறைவதாகப் பழந்தமிழர் கருதினர் என்றும் விளக்கினார். வி.எஸ். ராஜம் 1986இல் இதனை மறுத்தார். சங்கப்பாடல்களில் அச்சொல் வழங்கும் இடங்களையெல்லாம் நோக்கினால், பெண்ணின் புனித ஆற்றல் என்ற ஒரே பொருளுக்குள் அதை அடைக்க இயலாது என்பது அவர் வாதம். இடையே, 1985இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், நாட்டார் வழிபாட்டில் மாண்டோர் தெய்வமாவதற்கு அவர்தம் வாழ்க்கைச் சிறப்பினும் வன்மையான, அகாலமான சாவே முதற்காரணம் என்றார். கால்டுவெல்லின் கவனிப்பு, இழிவுரை நீங்கி, நாட்டார் வழக்காற்றியலாக மீண்டும் வந்தது என்று சொல்லலாம். தென்மாவட்ட வில்லுப்பாட்டுத் தெய்வங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். தகடூர்க் கற்களுக்கு முழுதும் பொருந்துமா என்பது என் ஐயம்.

கடன்

என் கருத்தில், அச்சத்தையும் அழுகையையும் இணைக்கும் சொல் ஒன்று தமிழில் வழக்கிலேயே உள்ளது. அது கடன். இறந்தவர்க்குச் செய்வது நீத்தார் கடன். தெய்வத்துக்குச் செலுத்துவது நேர்த்திக்கடன். சோறிட்டவனுக்காக உயிர் விடுவது செஞ்சோற்றுக்கடன். வாங்கிய பணமும் கடன். செய்யவேண்டிய கடமையும் கடன். ஈமச்சடங்கு, வழிபாடு, அறம், பொருளியல் நான்கையும் இச்சொல் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஊருக்காக மாண்டவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்நிலம் ‘நெய்த்தோர்பட்டி’, ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. நெய்த்தோர் என்றால் குருதி. கன்னடத்திலும் குருதிக்கொடை என்னும் பொருளில் இத்தகைய வழக்கு உண்டு. கல் நட்டு வணங்கியதோடு ஊர் தன் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. குருதிக்கு ஈடாக வயலும் கொடுத்தது. பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1912இல், துக்கம் காத்தல் என்பது தனிமனித உள்ளத்தின் இயல்பான வெளிப்பாடன்று, குழு விதிக்கும் கடமை என்றார். பாதி உண்மை. விதிக்கப்பட்ட கடமைக்குள் ஔவையின் உண்மையான அழுகையும் இருந்தது என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு துறைகளும், தனியொருவரின் இழவைப் படிப்படியாக ஊரின் பெருமிதமாக மாற்றும் நிலைகள்.

அந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. தமிழ்த்துறையினர் பெரும்பாலும் பேசாமல் விடுவது இதனைத்தான். வெட்சி என்பது பிறர் ஆநிரையைக் கவர்வது. கவர்ந்தவனுக்கும் புகழ், மீட்டவனுக்கும் புகழ் என்று இலக்கணம் இருவரையும் ஒரே திணையில் வைத்தது. ஆநிரை இழந்த ஊரின் வறுமையும் மெய்ப்பாட்டியல்படி அழுகைக்குரியதே. ஆனால் அதற்குக் கல் இல்லை. கணவனோடு எரிந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் கல் எடுத்தார்கள். அக்கற்களில் உயர்த்திய கையும் வளையலும் உண்டு. அவள் விரும்பினாளா என்பதற்கு எழுத்து இல்லை. பெருமிதம் பெருகும் இடத்தில் அழுகை அடங்கிவிடுகிறது. நடுகல்லைத் தமிழர் வீரத்தின் சின்னம் என்று மேடையில் முழங்குவோர் இதனைக் கருதவேண்டும்.

கல்லும் காலமும்

தகடூரின் முற்பட்ட கற்களில் வானுலகம் செதுக்கப்படவில்லை. வீரன், அவன் படைக்கலம், சிலபோது காலடியில் ஒரு சிமிழோ கெண்டியோ, அவ்வளவே. கன்னட நாட்டில் பெருகிய அடுக்குநிலைக் கற்களில் கீழே போர், நடுவே அவனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், மேலே இலிங்கத்தின்முன் அவன் அமர்ந்திருக்கும் காட்சி. கல்லிலேயே தங்கியிருந்த வீரன், கல் சுட்டும் வேறோர் உலகுக்குப் போய்விட்டான். பெருஞ்சமயம் ஊர்க்கடனைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது எனலாம்.

அண்மைக் காலத்திலும் இவ்விழுபறி ஓயவில்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு கண்டிப்புடன் செயற்படுத்த முனைந்தது. எதிர்ப்புக்குப் பின் 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. உயிரிரக்கம் அறமா, முன்னோர்க்குச் செய்யும் கடன் அறமா என்ற வினா அப்போது எழுந்தது. சட்டம் நீங்கியதால் வினா நீங்கிவிடவில்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு போன்றோர், நாட்டார் சமயத்தை ஒழிக்கவேண்டிய இருளாக எண்ணாமல், ஒடுக்கப்பட்டோரின் இறையியலாக வாசிக்க முற்பட்டனர். சீகன்பால்கு தொடங்கிய வேலை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் வந்தடைந்த இடம் இது.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பல பாதுகாப்பாக உள்ளன. களத்தில் நிற்பவையோ மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி எழுத்து மறைந்து நிற்கின்றன. வழிபாடு நின்றுபோனவை துணிதுவைக்கும் கல்லாகவும் வரப்புக்கல்லாகவும் ஆகின்றன. வணங்கப்படும் கல்லில் எழுத்து அழிகிறது; வணங்கப்படாத கல்லோ தானே அழிகிறது. ஆய்வாளன் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறான். கல்லை எடுத்துப்போவது எப்போதும் சரியான வழியன்று. படியெடுத்து, படித்து, அவன் பெயர் இன்னது, அவன் இன்ன காரணத்தால் மாண்டான் என்று வணங்குவோரிடமே திருப்பிச் சொல்வது இயலக்கூடிய வேலை. வேடியப்பன் என்று பெயர்கொண்ட மாணவர்கள் அதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாமும் ஒரு கடன் பட்டிருக்கிறோம்.