சாதன இயக்கிகளில் மீள்வரும் நிரல்: லினக்ஸ் கெர்னலின் சரித்திரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி

கணினியோடு இணைக்கப்பெறும் வட்டு, வலைப்பின்னல் அட்டை, ஒலிச்சில்லு முதலிய ஒவ்வொன்றுக்கும், அதன் பதிவகங்களில் எந்த எண்ணை எப்போது எழுத வேண்டும், அது குறுக்கிட்டு அழைக்கும்போது என்ன மறுமொழி தர வேண்டும் என்பனவற்றை அறிந்த ஒரு நிரற்பகுதி இயங்குதளத்தில் இருந்தாக வேண்டும். அதனையே சாதன இயக்கி என்றும், பேச்சு வழக்கில் டிரைவர் என்றும் சொல்லுகிறோம். ஒவ்வோர் இயக்கியும் ஒவ்வொரு வன்பொருளுக்கு உரியதாதலின், இவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டே இருக்கும் என்று புறத்தே நின்று நோக்குவோர் கருதுதல் இயல்பு. ஆயினும் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலைத் திறந்து பத்து இயக்கிகளை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, வன்பொருளின் விசேஷ குணத்தைச் சொல்லும் வரிகள் சொற்பமாகவும், நினைவகம் கேட்டல், முகவரி பொருத்துதல், குறுக்கீட்டு எண்ணைப் பதிவு செய்தல், இடையில் பிழை நேர்ந்தால் பெற்றவற்றையெல்லாம் முறைப்படி திருப்பித் தருதல் ஆகிய பொதுக் காரியங்களைச் சொல்லும் வரிகள் ஏராளமாகவும் இருப்பது விரைவில் தெரியவரும். இம்மீள்வரவை எழுதுவோரின் சோம்பலுக்கு ஏற்றிச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அதனை நான் ஏற்கவில்லை. ஒரு காரியத்திற்குப் பொறுப்பாளர் யார் என்பது நிச்சயிக்கப்படாத இடத்திலேதான் அக்காரியத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்ய நேர்கிறது என்பதையே இவ்விஷயத்தின் சரித்திரம் எனக்குக் காட்டுகிறது.

யூனிக்ஸ் காலத்தைப் பற்றி இங்கே விரிக்க வேண்டுவதில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அமைத்த அம்முறையில், சாதனங்கள் கோப்புகளைப் போலத் திறந்து, படித்து, எழுதி, மூடத்தக்கவையாக வைக்கப்பட்டன. திறத்தல், மூடுதல் முதலிய செயற்கூறுகளின் அட்டவணை ஒன்றை இயக்கி நிரப்பிக் கொடுத்தால், மற்றவற்றைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். பிற்காலத்து முயற்சிகள் அனைத்திற்கும் இவ்வட்டவணையே வித்து. ஆனால் அது சாதனத்தைப் பயன்படுத்துவோருக்கும் இயக்கிக்கும் இடையேயுள்ள ஒப்பந்தத்தை மட்டும் வரையறுத்தது. இயக்கிக்கும் வன்பொருளுக்கும் இடையே நிகழ்பவற்றை அவரவர் விருப்பத்திற்கே விட்டுவிட்டது.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் தொடங்கிய லினக்ஸ், சில ஆண்டுகளுக்குள்ளாகவே கடையில் கிடைத்த எல்லா அட்டைகளையும் ஏற்க வேண்டிய நிலையை அடைந்தது. வலைப்பின்னல் அட்டைகளுக்கு இயக்கிகள் எழுதியவர்களுள் முதன்மையானவர் டொனால்ட் பெக்கர். நோவெல் நிறுவனத்தின் என்.இ. 2000, வெஸ்டர்ன் டிஜிட்டலின் 8003, 3காமின் 503 ஆகிய அட்டைகள் வெவ்வேறு பெயரில் விற்கப்பட்டனவேனும், அவற்றின் நடுவே இருந்தது 8390 என்னும் ஒரே குலத்துச் சில்லுதான் என்பதைக் கண்ட அவர், பொட்டலங்களை வட்டத்தாங்கியில் வாங்குதலும் அனுப்புதலும் ஆகிய பொதுப்பகுதியை 8390.சி என்ற ஒரு கோப்பில் 1992க்கும் 1994க்கும் இடையே எழுதிவைத்தார். அட்டைக்கு அட்டை உண்மையில் வேறுபட்டது, அட்டையிலுள்ள நினைவகத்தை அடையும் வழி ஒன்றே. ஓர் அட்டை அதனைப் பொதுநினைவகமாகக் காட்டும், மற்றொன்று ஒரு துவாரத்தின் வழியே சொல் சொல்லாகத் தரும். ஆகவே, தகவலை உள்ளே எடுக்கவும் வெளியே அனுப்பவும் சில்லை மீட்டமைக்கவும் உரிய செயற்கூறுகளை மட்டும் ஒவ்வோர் அட்டையின் இயக்கியும் கொடுத்தால் போதும் என்று அவர் வகுத்தார். வேற்றுமை எது, ஒற்றுமை எது என்பதை வன்பொருளிலேயே கண்டு பிரித்த இப்பிரிவினை, நான் படித்தவற்றுள் மிக்க தெளிவுடையது.

அதே பெக்கர் அதே காலத்தில் எலும்புக்கூடு என்று பொருள்படும் 'ஸ்கெலிட்டன்.சி' என்ற கோப்பையும் எழுதினார். அது எந்த அட்டையையும் இயக்காது. புதிய இயக்கி எழுதுவோர் பிரதி செய்துகொண்டு வெற்றிடங்களை நிரப்புவதற்காக அமைந்த மாதிரி அது. சில்லு ஒன்றாயிருந்தபோது பொதுநிரலையும், சில்லு வேறாயிருந்தபோது பிரதிக்குரிய மாதிரியையும் ஒரே கை தந்தது கவனிக்கத்தக்கது. வேறு சில்லுகளுக்கிடையே பொதுவாக இருந்த காரியங்களை ஏற்றுக்கொள்ளும் பகுதி கெர்னலில் அன்று இல்லை. ஆதலால் பிரதி செய்தலே முறையான வழியாயிற்று.

பிரதியின் விளைவு எத்தகையது என்பதற்கு என்.சி.ஆர். 5380 என்னும் ஸ்கசி சில்லின் கதையைக் காட்டிலும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1993இல் டுரூ எக்ஹார்ட் அச்சில்லுக்கு எழுதிய மூலநிரல், தனியே தொகுக்கப்படும் பகுதியாக அமையவில்லை. பதிவகத்தைப் படித்தல், எழுதுதல் ஆகியவற்றுக்குரிய மேக்ரோக்களைத் தத்தம் விருப்பப்படி முதலில் வரையறுத்துக்கொண்டு, பின்னர் அந்தக் கோப்பை முழுமையாகத் தம்முள் சேர்த்துக்கொள்ளும்படி ஒவ்வோர் அட்டையின் இயக்கிக்கும் அது இடந்தந்தது. மூலபாடம் ஒன்றாயிருந்தும், தொகுத்தபின் அதன் உருவங்கள் பலவாயின. அட்டாரி கணினிக்கு இதனைக் கொண்டுசென்றோர் மாற்றங்கள் மிகுதியாக வேண்டியிருந்தமையால் கோப்பையே தனியாகப் பிரதி செய்துகொண்டனர்; அட்டாரிப் பிரதியிலிருந்து சன்-3 கணினிக்கு மற்றொரு பிரதி பிறந்தது. அதன்பின் ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் திருந்தாமலும், ஒன்றில் சேர்ந்த வசதி மற்றதை எட்டாமலும் இருபது ஆண்டுகள் கழிந்தன. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் பாடபேதங்களை ஆராய்ந்து, எது எழுதினோர் பிழை, எது வேண்டுமென்றே செய்த திருத்தம் என்று நிர்ணயிப்பதைப் போலவே, இம்மூன்று பிரதிகளையும் வரி வரியாக ஒப்பிட்டு ஃபின் தெய்ன் என்னும் பராமரிப்பாளர் ஒன்றாக்கினார். சன்-3 பிரதியை முதலில் அட்டாரிப் பிரதியோடு சேர்த்தார், அதனைப் பின்னர் மூலத்தோடு சேர்த்து 2016ஆம் ஆண்டில் அப்பணியை நிறைவேற்றினார். விற்பனையிலிருந்து மறைந்து நெடுங்காலமான இயந்திரங்களுக்காக ஒருவர் இத்துணை சிரத்தை எடுத்ததைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. புறத்தோற்றத்தில் அது வரிகளைக் குறைக்கும் வேலை. செய்த விதத்தில் அது ஒரு பதிப்பாசிரியரின் வேலை.

பிரதியால் விளையும் கேட்டினை அளந்து காட்டியவர்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். 2001இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த ஆண்டி சௌ, டாசன் எங்லர் முதலியோர், லினக்ஸின் பிற பகுதிகளைக் காட்டிலும் இயக்கிகளில் பிழைவிகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுந்திருப்பதைக் கண்டனர். 2004இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யுவான்யுவான் சௌவின் குழுவினர் இயற்றிய 'சிபி-மைனர்' என்னும் கருவி, லினக்ஸில் சுமார் 1,90,000 பிரதித் துண்டுகளை இருபது நிமிஷத்திற்குள் கண்டெடுத்தது. பிரதி செய்தவர் ஒரு பெயரை எல்லா இடத்திலும் மாற்றி ஓரிடத்தில் மட்டும் மறந்துவிட்டமை போன்ற பிழைகள் 28 அக்கருவியால் வெளிப்பட்டன. இத்தகைய பிழையின் கொடுமை, அது பார்வைக்குச் சரியாகவே தோன்றுவது; நான்கு வரி ஒரே அச்சில் வார்த்தது போல் நிற்கையில் ஐந்தாவது வரியைக் கண் படிப்பதில்லை.

லினக்ஸின் உள்ளே மாறுதல் 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்போடு வேகம் கொண்டது. பாட்ரிக் மோக்கெல் வகுத்த சாதன மாதிரியில், ஒவ்வொரு சாதனமும் எந்தப் பஸ்ஸில் அமர்ந்தாலும் ஒரே அமைப்பினுடைய பொருளாகக் கெர்னலுக்குத் தெரியலாயிற்று. சாதனம் வந்ததும் இயக்கியின் 'புரோப்' செயற்கூற்றை அழைப்பதும், அது நீங்கியதும் 'ரிமூவ்' செயற்கூற்றை அழைப்பதும் பொதுமையத்தின் கடமையாயின. பொதுக்கடமையை ஏற்க ஓரிடம் ஏற்பட்டது என்பதே இதன் முக்கியத்துவம்.

அவ்விடத்தை நன்கு பயன்படுத்தியது, டெஜுன் ஹியோ 2007இல் எழுதி 2.6.21ஆம் பதிப்பில் சேர்ந்த 'டெவ்ரெஸ்' என்னும் ஏற்பாடு. இதன் பிறப்பிடம் வட்டு இயக்கிகளின் பொதுநூலகமாகிய 'லிப்-ஏட்டா'. பழைய ஐடிஇ வகைக் கட்டுப்படுத்தி ஒன்று ஐந்து முகவரிப் பகுதிகளைப் பயன்படுத்தும். ஐந்தையும் பெற வேண்டும், மூன்றாவது கிடைக்காவிடில் முதலிரண்டையும் விட வேண்டும், சாதனம் நீங்கும்போது ஐந்தையும் தலைகீழ் வரிசையில் விட வேண்டும். ஆகவே பெறுதல் ஒரு முறையும், பிழைவழியில் விடுதல் ஒரு முறையும், நீங்கும்போது விடுதல் ஒரு முறையுமாக ஒரே அறிவை ஒரே இயக்கிக்குள் மும்முறை எழுதவேண்டியிருந்தது. இயக்கிகளுக்கு இடையேயுள்ள மீள்வரவைப் பற்றிப் பலர் பேசினர். இயக்கியின் உள்ளேயுள்ள இம்மீள்வரவே அபாயம் மிகுந்தது என்பேன். பிழைவழி அபூர்வமாகவே நடைபெறும். அபூர்வமாக நடைபெறுவதைச் சோதிப்பார் இல்லை. சோதிக்கப்படாதது ஆண்டுக்கணக்கில் பிழையோடு கிடக்கும். டெவ்ரெஸ் செய்தது இவ்வளவே: சாதனப் பொருளோடு ஒரு சங்கிலிப்பட்டியலைப் பிணைத்து, அச்சாதனத்தின் பேரில் பெறும் ஒவ்வொன்றையும் அதில் குறித்துக்கொண்டு, புரோப் தோற்றாலும் இயக்கி நீங்கினாலும் கடைசியாகப் பெற்றதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தானே விடுவித்தது. 'கோட்டூ' என்னும் தாவற்சொல்லும் அதன் அடையாளப் பெயர்களுமாக நீண்டு கிடந்த பகுதிகள் பல இயக்கிகளில் மறைந்தன. சிலவற்றில் ரிமூவ் செயற்கூறே வேண்டாததாயிற்று.

பொதுமையை எவ்வுருவில் அமைப்பது என்ற கேள்விக்கு 2009இல் நீல் பிரவுன் ஒரு விடை கூறினார். இயக்கிக்கு மேலே ஓர் இடையடுக்கை வைத்து, எல்லா அழைப்பும் அதன் வழியே செல்லுமாறு செய்வதை 'இடையடுக்குப் பிழை' என்று அவர் பெயரிட்டார். விதிவிலக்கான வன்பொருள் ஒன்று வரும்போதெல்லாம் அடுக்கில் ஒரு கொடியும் ஒரு நிபந்தனையும் சேர்ந்து, நாளடைவில் அடுக்கே சிக்கலாகிவிடும். ஆதலால் கெர்னல் இயக்கியை நேரே அழைக்கட்டும், இயக்கி தனக்கு வேண்டிய உதவியை நூலகத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் சித்தாந்தம். பெக்கர் 8390இல் செய்ததற்கு இலக்கணம் பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்று தோன்றுகிறது.

இதற்கிடையே கைப்பேசிகளும் பதிகணினிகளும் பெருகி, ஆர்ம் செயலிகளுக்குரிய பகுதி கட்டுக்கடங்காது வளர்ந்தது. ஒவ்வொரு பலகையிலும் எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்பதைச் சி மொழியில் தனிக்கோப்பாக எழுதினர். கடிகாரத் துடிப்பை நிர்வகிக்கும் பகுதியை ஒவ்வொரு செயலிக் குடும்பமும் ஒரே பெயரில் வெவ்வேறாக எழுதிற்று. 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தபின், பலகையின் வருணனை சாதன மரம் என்னும் தரவுக்கோப்புக்கு மாறத் தொடங்கிற்று. பொதுக் கடிகாரச் சட்டகம் 2012இல் 3.4ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு முன்னரே, 2011இல் 3.1ஆம் பதிப்பில், மார்க் பிரவுன் ஒலிச்சில்லு இயக்கிகளின் அனுபவத்திலிருந்து 'ரெக்மேப்' என்பதைப் பிரித்தெடுத்திருந்தார். ஐ2சி, எஸ்பிஐ போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே பேசும் சில்லுகளுக்கு, பதிவக எண்ணையும் மதிப்பையும் பைட்டுகளாக அடுக்குதலும், மெதுவான கம்பியில் மீண்டும் கேளாதபடி பழைய மதிப்பை நினைவில் வைத்தலும் அதுவரை ஒவ்வோர் இயக்கியின் வேலையாயிருந்தன. ரெக்மேப் வந்தபின், பதிவகத்தின் அகலம் இத்துணை, மதிப்பின் அகலம் இத்துணை, இன்னின்ன பதிவகங்கள் தாமே மாறக்கூடியவை என்று அறிவித்தால் போதுமாயிற்று. நிரல் சாஸனம்போலச் சுருங்கி, அறிவிப்பாக மாறிய இந்த இடமே இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் உவப்பானது.

இத்தனைக்குப் பின்னும் மீள்வரவு நீங்கிவிடவில்லை. 2012இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அசிம் கடவ், மைக்கேல் சுவிஃப்ட் ஆகிய இருவரும் லினக்ஸின் எல்லா இயக்கிகளையும், ஏறக்குறைய 50 லட்சம் வரிகளை, ஆராய்ந்து, அவற்றுள் சுமார் 8 சதவீதம் வேறிடத்து நிரலைப் பெரிதும் ஒத்திருப்பதாக அறிவித்தனர். எஞ்சியதை நீக்குவதில் பெருந்துணையானது, ஜூலியா லாவாலும் கில் முல்லரும் தம் குழுவினரோடு 2008இல் வெளிப்படுத்திய 'காக்சினெல்' என்னும் கருவி. ஒரு மாற்றத்தை வரியாக அல்லாமல் இலக்கண உருவமாகச் சொன்னால், ஆயிரம் கோப்புகளில் அதனை அதுவே செய்து தரும்.

இக்கருவியின் வலிமையே ஒருமுறை தொல்லையாயிற்று. 2019இல் 5.1ஆம் பதிப்பில் வந்த ஒரு துணைச்செயற்கூறு, முகவரிப் பகுதியைக் கேட்டலும் பொருத்துதலுமாகிய இரண்டு அழைப்புகளை ஒன்றாக்கிற்று. பழைய இயக்கிகளையும் அவ்வாறே மாற்றுவதற்குக் காக்சினெல் விதியொன்றைக் கெர்னலோடு சேர்த்தனர். அதனைக் கொண்டு 560க்கு மேற்பட்ட திருத்தங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாலும் மிஞ்சிய லாபம் இரண்டு வரி. பராமரிப்பாளருக்கு ஏற்பட்ட படிப்புச்சுமை மிகப் பெரிது. சில திருத்தங்கள் வெளிப்படையாகவே பிழையானவை. விதி அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. அதனை நீக்கியவர்களின் விவேகத்தை நான் மதிக்கிறேன். இயங்கிக்கொண்டிருக்கும் பழைய இயக்கியில் வரி குறைவதால் எவருடைய கடமையும் இடம் மாறுவதில்லை.

டெவ்ரெஸ் ஏற்பாட்டைப் பற்றியும் ஓர் ஆட்சேபம் எழுந்தது. 2022இல் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் லோரான் பின்ஷார் அதனை விளக்கினார். இயக்கி தன் நினைவகத்தைச் சாதனத்தின் பேரில் பெற்றிருக்க, ஒரு பயனர் அச்சாதனத்தின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது சாதனம் பிடுங்கப்பட்டால், டெவ்ரெஸ் தன் கடமை தவறாமல் அந்நினைவகத்தை உடனே விடுவித்துவிடும். கோப்போ இன்னும் திறந்தே இருக்கிறது. பயனர் அடுத்த நொடியில் அதனைப் படிக்க முயன்றால், செயற்கூறு சென்று தொடுவது வேறெவருக்கோ கொடுக்கப்பட்டுவிட்ட இடமாக இருக்கக்கூடும். அந்நினைவகத்தின் ஆயுள் சாதனத்தோடு முடிவதா, கடைசிப் பயனர் கோப்பை மூடும்போது முடிவதா என்பதை, வெப்கேம் ஒன்றைக் கம்பியோடு பிடுங்கிப் பார்த்து, இன்றும் ஒவ்வோர் இயக்கி ஆசிரியரும் தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.