மூன்று இசைக்கவைகள்

பள்ளியில் இயற்பியல் கற்பித்த நாள்களில், இசைக்கவையை ரப்பர் அட்டையில் தட்டி மாணவர்களின் காதருகே பிடித்துக் காட்டியது எத்தனை முறை என்று எனக்குக் கணக்கில்லை. அதே மாணவர்கள் மாலையில் பள்ளி வாயிலில் நின்றுகொண்டு என் ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளை ஏக்கத்தோடு பார்ப்பதுண்டு. யமஹாவின் முத்திரை அச்சிட்ட தாள் ஒன்றைக் காட்டி, இது என்னவென்று ஒருநாள் கேட்டேன். சக்கரம் என்றான் ஒருவன். பூ என்றான் மற்றொருவன். காலையில் வகுப்பில் தொட்டுப் பார்த்த இசைக்கவைகள்தாம் அவை, ஒன்றல்ல மூன்று, என்று சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கும் இசைக்கவைக்கும் என்ன உறவு? இக்கேள்விக்கு விடை தேடப் புகுவோர் 1887ஆம் ஆண்டின் ஜப்பானுக்கு, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஏறத்தாழ நடுவழியில் உள்ள ஹமாமட்சு என்னும் நெசவூருக்குச் செல்ல வேண்டும். அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் அமெரிக்காவில் செய்த ஆர்கன் ஒன்று இருந்தது. காலால் மிதித்துக் காற்றூட்டி வாசிக்கும் வகை அது. நம் பழைய ஆலயங்கள் சிலவற்றின் பாடகர் மாடத்தில் தூசி படிந்து கிடக்கும் ஆர்கனுக்கு நெருங்கிய உறவு. அது பழுதுபட்டபோது, கடிகாரங்களையும் மருத்துவக் கருவிகளையும் செப்பனிட்டுப் பிழைத்துவந்த தோராகுசு யமஹா என்பவரை அழைத்தார்கள். அவர் ஆர்கனைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு வில்கள் முறிந்திருந்தன; பழுது அவ்வளவே. ஆனால், திறந்தவர் உடனே மூடிவிடவில்லை. உறுப்பு உறுப்பாகப் பார்த்துப் படம் வரைந்துகொண்டார். இதை நம்மாலும் செய்ய இயலும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கிசபுரோ கவாய் என்னும் உலோக வேலைக்காரரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆர்கனைச் செய்து முடித்தார். அதன் தரத்தை மதிப்பிடத் தகுதியுடையோர் டோக்கியோவின் இசைப் பயிற்சிக் கூடத்தில்தான் இருந்தார்கள். இருவரும் அக்கருவியைக் காவடிபோல் தடியில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலைப் பாதையைக் கடந்து, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து போனார்கள். கருவி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் சுருதி சேரவில்லை என்பதே அங்கு கிடைத்த தீர்ப்பு. யமஹா ஊர் திரும்பவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அங்கேயே தங்கி, மாணவரோடு மாணவராக அமர்ந்து இசை இலக்கணம் கேட்டார். பிறகு செய்த இரண்டாவது ஆர்கன் தேறியது. 1897இல் அவர் நிறுவிய இசைக்கருவி நிறுவனம் இசைக்கவையைத் தன் அடையாளமாக்கிக் கொண்டது.

போர்க்காலத்தில் அந்நிறுவனம் விமானங்களுக்குச் சுழல்விசிறிகள் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டது. போர் முடிந்தபின் அந்த இயந்திரங்கள் வேலையற்று நின்றன. அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று எண்ணிய தலைவர் கெனிச்சி கவாகாமி, மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தார். 1955இல் வெளிவந்த முதல் வண்டி, செந்நிறத்தாலும் மெலிந்த உருவத்தாலும் ‘சிவப்புத் தும்பி’ என்று பெயர் பெற்றது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியை முன்னிறுத்தி அமைத்தது அது. நகல்தானே என்று உதடு பிதுக்குவோர் உண்டு. அதே ஜெர்மன் வண்டியைப் போருக்குப் பின் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் நகலெடுத்தார்கள். மூல வண்டிக்கு மூன்று கியர், ஹமாமட்சுவினர் நான்காக்கினார்கள். திறந்து பார்த்துப் படம் வரைந்துகொண்ட அந்தப் பழைய ஆர்கன்காரரின் வழக்கம் அங்கே மாறவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதே ஹமாமட்சுவை அடுத்த சிற்றூரில் 1906இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் சோய்ச்சிரோ ஹோண்டா. தந்தை சைக்கிள்களையும் செப்பனிட்டுவந்தார். மகன் 1922இல் டோக்கியோவுக்குச் சென்று, கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பெருநிலநடுக்கம் வந்து நகரைத் தீக்கிரையாக்கியது. வெந்து கருகிய கார்களை மறுபடி ஓடச்செய்வதே பட்டறையின் வேலையாயிற்று. ஒரு தொழிலாளி கற்க வேண்டியவற்றை அந்தச் சாம்பலில் அவர் கற்றார் எனலாம்.

1928இல் ஹமாமட்சுவில் அப்பட்டறையின் கிளையைத் தொடங்கினார். பின்னர் பிஸ்டன் வளையம் செய்ய ஆசைப்பட்டுத் தோற்றார். வார்த்த வளையங்கள் ஏன் நொறுங்குகின்றன என்று விளங்காமல், முப்பது வயதைக் கடந்த முதலாளி உள்ளூர்த் தொழில்நுட்பப் பள்ளியில் உலோகவியல் கேட்கச் சென்றார். பின்பு டொயோட்டா நிறுவனத்துக்கு மாதிரியாக 50 வளையங்கள் அனுப்பினார். தேறியவை மூன்று. டோக்கியோவில் ஓராசிரியர் சுருதி சேரவில்லை என்று சொன்னபோது யமஹா செய்ததை இவரும் செய்தார். மீண்டும் படித்தார், மீண்டும் வார்த்தார்.

1945 ஜனவரியில் மற்றொரு நிலநடுக்கம் அவருடைய ஆலையை வீழ்த்தியது. ஆகஸ்டில் நாடே தோற்றது. குண்டுவீச்சில் சிதைந்த ஊரில் பேருந்துகளும் தொடர்வண்டிகளும் பிதுங்கி வழிந்தன; அரிசி தேடிக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போவதே குடும்பப் பெண்களின் அன்றாட வேதனை. 1946இல் ஹோண்டாவின் கண்ணில் பட்டவை, படையினரின் கம்பியில்லாத் தந்திப் பெட்டிகளுக்கு மின்சாரம் தரச் செய்யப்பட்டு, தோல்விக்குப் பின் எவருக்கும் வேண்டாதவையாய்க் கிடந்த சிறிய எஞ்சின்கள். அவற்றைச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் தொட்டிக்குத் தகடு இல்லை. படுக்கையைச் சூடேற்றும் வெந்நீர்க் குடுவையையே தொட்டியாக்கிப் பார்த்தார். முதல் வண்டியை ஊரார் பார்க்க ஓட்டிக் காட்டியவர் அவர் மனைவி சச்சி. பெட்ரோல் பங்கீட்டில் இருந்ததால் பைன் மரத்து எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள். புகையும் நாற்றமும் எப்படியிருந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன். ‘பட்ட பட்ட’ என்று அது எழுப்பிய ஒலியே மக்கள் அதற்கு இட்ட பெயராயிற்று.

வாங்கிய எஞ்சின்கள் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார். 1958இல் வந்த சூப்பர் கப் வண்டிக்கு, உணவு விடுதிப் பையன் ஒரு கையில் தட்டைச் சுமந்தபடி மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே கிளட்ச் பிடி இல்லாத கியர் அமைத்தார்கள். 2017க்குள் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் வெளிவந்துவிட்டன.

ஹமாமட்சுவின் மூன்றாமவர் மிச்சியோ சுசுகி, தச்சு வேலை பழகியவர். தன் தாய்க்கு ஒரு தறி செய்து கொடுத்தவர், 1909இல் தறி ஆலை தொடங்கினார். நெசவுத் தொழில் சரிந்தபோது அவருடைய நிறுவனம் 1952இல் சைக்கிள் மோட்டாருக்கு மாறியது. நான்காவது நிறுவனமான கவாசாகி கோபே நகரத்துக் கப்பல் கட்டியவர்களின் வழிவந்தது. அது வேறு கதை.

இவ்வரலாற்றை நான் நூல்களில் படித்தது பிற்பாடுதான். முதலில் அதை என் கைகள் வழியாகவே, அதுவும் ஒரு பிழையின் வாயிலாகவே அறிந்தேன். ஓய்வு பெற்ற பின், என் வண்டியை நானே பிரித்துப் பூட்டும் ஆசை பிறந்தது. எஞ்சின் பக்க மூடியின் நட்சத்திரத் தலைத் திருகாணிகளைச் சாதாரணத் திருப்புளியால் கழற்ற முயன்றேன். திருப்புளி வழுக்கி மேலெழுந்தது. மூன்று திருகாணிகளின் தலை வழுவழுவென்று தேய்ந்துபோயிற்று. இரும்பின் தரம் போதாது என்று ஜப்பானியரைக் கடிந்துகொண்டேன். குற்றம் என்னுடையதே. நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் வகைத் திருப்புளியின் முனையும், ஜப்பானியத் தர அளவுப்படி அமைந்த திருகாணியின் குழியும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் அளவில் வேறு. பிலிப்ஸ் முனை குழியின் அடிவரை இறங்காமல் நின்று, அழுத்தம் மிகும்போது வெளியே வழுக்கும். உரிய முனையை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் இருபது ஆண்டு இறுகிய திருகாணியும் அசையும். பழைய ஜப்பானிய வண்டிகளின் சிதைந்த திருகாணித் தலைகள் எத்தனையோ பேரின் அவசரத்துக்குச் சாட்சிகள்.

அந்த மூடிக்குள் பார்த்தபோதுதான் செய்தவர்களின் மனம் தெரிந்தது. பழுதுபார்ப்பவனின் கை எங்கே நுழையும் என்று எண்ணியே உறுப்புகளை வைத்திருந்தார்கள். ஆங்கில வண்டிகளின் எஞ்சின் பெட்டி நெடுக்காகப் பிளந்திருக்கும். இணைப்பு எண்ணெய்க்குள் மூழ்கியிருப்பதால் கசிவு அவற்றின் பிறவிக் குணம். ஹோண்டாவின் பல சிலிண்டர் வண்டிகளில், 1969இன் நான்கு சிலிண்டர் சி.பி. 750 உட்பட, பெட்டி கிடைமட்டமாகப் பிளந்திருக்கும். இணைப்பு எண்ணெய் மட்டத்துக்கு மேலே நிற்கும். வீட்டு வாசலில் எண்ணெய்க் கறை படியாத மோட்டார் சைக்கிளை உலகம் அப்போதுதான் கண்டது என்றால் மிகையாகாது.

நம் நாட்டுக்கு இவர்கள் வந்தது 1980களில். 1984இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். கூட்டில் இந்த்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டு எஸ்கார்ட்ஸ் கூட்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100, 1986இல் கவாசாகி பஜாஜ் கே.பி. 100 என்று அடுத்தடுத்து வந்தன. புல்லட்டும் யெஸ்டியும் ராஜ்தூத்தும் பழகிய நம் மெக்கானிக்குகள் இந்தச் சிறிய வண்டிகளை முதலில் விளையாட்டுப் பொருளாகவே கருதினர். 98 கன சென்டிமீட்டர் ஆர்.எக்ஸ். 100 அந்தக் கருத்தை விரைவில் மாற்றியது. புகைக் கட்டுப்பாடுகள் இறுகவே, 1996இல் அதன் உற்பத்தி நின்றது.

இன்று அதற்கு மவுசு கூடிவிட்டது. குரோமியம் பூசி, புதிய வண்ணம் அடித்து, திருமண மண்டபத்து வாயிலில் நிறுத்துவோர் பலர். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆயினும், வெளியே பளபளத்து உள்ளே காய்ந்த சீல்களோடு நிற்கும் வண்டியைக் கண்டால் மனம் வருந்துகிறது. இரண்டடி எஞ்சினில் கிராங்க் தண்டின் ரப்பர் சீல்கள் இறுகிவிட்டால், ஒரு பக்கம் காற்றை இழுத்து எஞ்சின் தானே சீறும். மறுபக்கம் கியர் எண்ணெயை உறிஞ்சி வெண்புகை கக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் கார்புரேட்டரின் நுண்துளைகள் பழைய பெட்ரோலின் பிசினால் அடைபடும். தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஜப்பானின் மோட்டேகியில் ஹோண்டா 1998இல் திறந்த காட்சியகத்தில் பழைய வண்டிகளை ஓடும் நிலையிலேயே காத்து வருகிறார்கள், ஓட்டியும் பார்க்கிறார்கள். அதுவே சரியான முறை என்பது என் எண்ணம்.

எங்கள் ஊரில் இரண்டடி எஞ்சின் தெரிந்த பெரியவர் ஒருவரே எஞ்சியிருக்கிறார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, காதும் மந்தமாகிவிட்டது. பட்டறையில் பழகும் பையன்கள் கணினியைப் பொருத்திக் குறை காணும் வண்டிகளையே விரும்புகிறார்கள், அதில் வியப்பில்லை. சென்ற மாதம் என் வண்டியில் புதியதொரு முனகல் கேட்டது. பெரியவர் எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் காற்றுத் திருகை அரைச் சுற்று வெளியே விட்டு, கால் சுற்று உள்ளே கொண்டுவந்தார். முனகல் நீங்கவில்லை. பிறகு நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின் பெட்டியின் மேல் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கண்களை மூடினார். இசைக்கவையின் தண்டை மேசைமேல் ஊன்றி ஒலியைப் பெருக்கிக் காட்டும் பாடத்தை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதை இப்படிப் பயன்படுத்த எனக்குத் தோன்றியதில்லை.

“இடது பக்கத்து பேரிங், சார். சனிக்கிழமை பிரிச்சிடலாம்,” என்றார். பிறகு திருப்புளியை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்ததும், அதற்கடியில் மெல்லிய அரைக்கும் ஒலி ஒன்று தனியே பிரிந்து கேட்டது.