சவால் நாணயத் தொகுப்புப் பராமரிப்பு

சவால் நாணயம் என்பது ஒரு படைப்பிரிவின் அல்லது அமைப்பின் சின்னம் பொறிக்கப்பட்டு, அதன் உறுப்பினர்களுக்கு வழங்கப்படும் உலோக வில்லை ஆகும். இது செலாவணி நாணயம் அன்று. ஐக்கிய அமெரிக்கப் படைகளில் இவ்வழக்கம் மிகவும் பரவலாக உள்ளது. ஒருவர் தம் நாணயத்தை எடுத்துக் காட்டிச் சவால் விடும்போது, தம்முடையதைக் காட்ட இயலாதவர் அனைவருக்கும் மது வாங்கித் தர வேண்டும் என்பது மரபு, பெயர்க்காரணமும் இதுவே. முதலாம் உலகப் போர்க்கால விமானி ஒருவரின் வெண்கல வில்லையே இதன் தொடக்கம் என்னும் கதை பலராலும் கூறப்படினும், அதற்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை.

இந்நாணயங்களைச் சேமித்தல், காட்சிப்படுத்தல், பேணல் ஆகியவை குறித்து இக்கட்டுரை விளக்குகிறது.

உலோகமும் பூச்சும்

பராமரிப்பு முறை, நாணயம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. அச்சு கொண்டு அடிக்கப்படுபவை பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. வார்க்கப்படுபவை துத்தநாகக் கலப்புலோகத்தால் ஆனவை. இரண்டின் மீதும் நிக்கல், செம்பு அல்லது பொன் முலாம் பூசப்படுவதுண்டு. பொன் முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரானை விட மெல்லியது. துணியால் பலமுறை தேய்த்தாலே அடியிலுள்ள உலோகம் தெரியத் தொடங்கும்.

பல நாணயங்கள் பழமைத் தோற்றம் வருமாறு செய்யப்படுகின்றன. முழுப் பரப்பையும் வேதிமுறையில் கருமையாக்கி, மேடான பகுதிகளை மட்டும் மெருகேற்றுவதால் எழுத்தும் உருவமும் எடுப்பாகத் தெரிகின்றன. பள்ளங்களில் உள்ள அக்கருமை அழுக்கு அன்று, வடிவமைப்பின் ஒரு பகுதி. இதனை அறியாமல் பித்தளைப் பாத்திரம் துலக்கும் பசையைக் கொண்டு தேய்ப்பதே தொகுப்புகளுக்கு நேரும் பெருங்கேடு எனலாம். அகன்ற கருமையை வீட்டில் மீண்டும் உண்டாக்க இயலாது.

வண்ணப் பகுதிகளில் எனாமல் நிரப்பப்பட்டிருக்கும். சிலவற்றின் மீது ஒளி ஊடுருவும் எப்பாக்சிப் பூச்சும் இருக்கும். இப்பூச்சு கீறல்களைத் தடுக்கும், ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் மஞ்சளாகும்.

கையாளலும் தூய்மை செய்தலும்

நாணயத்தை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரலின் வியர்வையில் உள்ள குளோரைடுகளும் அமிலங்களும் பித்தளையில் ரேகையாகவே பதிந்துவிடும். கீழே விழுந்தால் நசுங்காதிருக்க, மென்துணி விரித்த மேசையின் மேல் வைத்துப் பார்ப்பது நலம்.

தூய்மை செய்யாமல் விடுவதே பெரும்பாலும் சிறந்தது. தூசியை மென்மையான தூரிகையால் நீக்கலாம். பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் மணமற்ற மென்சோப்பு ஒரு துளி கலந்து கழுவி, மீண்டும் தூய நீரில் அலசி, பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முற்றிலும் உலரவிட வேண்டும். செலாவணி நாணயங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அசிட்டோன் இங்குப் பொருந்தாது. அது எனாமலையும் எப்பாக்சியையும் கெடுக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு, புளி ஆகியவையும் விலக்கத்தக்கவை.

சேமிப்பு

சவால் நாணயங்கள் பெரும்பாலும் 38 முதல் 51 மில்லிமீட்டர் வரை விட்டம் கொண்டவை, தடிமனும் மிகுதி. எனவே சாதாரண நாணயத் தொகுப்பேடுகளின் பைகளில் இவை அடங்குவதில்லை. விட்டத்திற்கு ஏற்ற அக்ரிலிக் உறைகளே ஏற்றவை. வட்டமல்லாத நாணயங்களுக்குப் பாலியெசுட்டர் படலப் பைகளைப் பயன்படுத்தலாம்.

பாலிவினைல் குளோரைடால் ஆன பைகளை அறவே தவிர்க்க வேண்டும். அது சிதையும்போது ஐதரோகுளோரிக் அமிலம் வெளியாகும். அதனை வளையச் செய்யச் சேர்க்கப்படும் நெகிழ்விப்பிகளும் கசிந்து, செம்பு கலந்த உலோகத்தின் மீது பச்சை நிறப் பிசுபிசுப்பாகப் படியும். பையின் நெகிழி எதுவென அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சூடாக்கிய செப்புக் கம்பியால் நெகிழியைத் தொட்டு, பின் கம்பியைச் சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும்போது சுடர் பச்சையாகும். புகை நச்சுத்தன்மை உடையதாதலால் சிறு துண்டைக் கொண்டு காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

ஓக் மரப் பெட்டிகள் அசிட்டிக் அமில ஆவியையும், கம்பளித் துணியும் ரப்பர் வளையங்களும் கந்தகச் சேர்மங்களையும் வெளியிடுகின்றன. முன்னது துத்தநாகத்தையும் பின்னது செம்பையும் தாக்கும். அழகிய மரப்பெட்டியில் பூட்டி வைத்த நாணயம் திறந்த அலமாரியில் இருந்ததைவிட விரைவாக மங்குவதற்கு இதுவே காரணம். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பது நன்று. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டு, அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

காட்சிப்படுத்தல்

படிப்படியாக அமைந்த மரத் தாங்கிகளில் நாணயங்களைச் செங்குத்தாக நிறுத்துவது வழக்கமான முறை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் தமக்குப் படையினர் அளித்த நாணயங்களை அலுவலக மேசையின் பின்னே இவ்வாறு வைத்திருந்தார். சிம்மி நாக்சு வரைந்து 2004 இல் திறந்துவைக்கப்பட்ட அவரது அதிகாரப்பூர்வ ஓவியத்திலும் அவை இடம்பெற்றுள்ளன.

45 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பித்தளை நாணயம் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். நூறு நாணயங்கள் 4 கிலோகிராம். சுவரில் மாட்டும் சட்டத்திற்கு ஆணி அடிக்குமுன் இதனைக் கணக்கிட வேண்டும். நேரடி வெயில் படும் சுவர் கூடாது. பசை கொண்டு ஒட்டுதலும் கூடாது. துளையிட்டுச் சங்கிலியில் கோத்த நாணயம் சவாலுக்குச் செல்லாது என்பது படையினரிடையே வழங்கும் விதி.

பதிவேடு

யார், எப்போது, எதற்காக வழங்கினார் என்னும் செய்தி இல்லாத சவால் நாணயம் வெறும் உலோக வில்லையாகிவிடுகிறது. பல நாணயங்கள் கைகுலுக்கும்போது உள்ளங்கையில் வைத்தே தரப்படுவதால் சான்றிதழ் எதுவும் இருப்பதில்லை. பெற்றவர் மறைந்தபின் குடும்பத்தினருக்கு அச்செய்தி கிட்டுவதும் அரிது. இருபக்க ஒளிப்படம், விட்டம், எடை, விளிம்பில் வரிசை எண் இருப்பின் அவ்வெண், பெற்ற சூழல் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். குறிப்பை அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி உறைக்கு வெளியே வைப்பதே முறை. நாணயத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டலாகாது.