மூளை அறுவையும் முன்னுண்ட மருந்தும்

ஆரியசாலையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் புதிதன்று. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் வழங்கிய கட்டடத்தில் 1976இல் மருத்துவப் பணி தொடங்கிற்று. 1980இல் நாடாளுமன்றச் சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக உயர்த்தியது. அங்கே மூளை அறுவைக்கு வரும் நம் உறவினரிடம், "என்னென்ன மருந்து உண்கிறீர்கள்?" என மயக்க மருந்து வல்லுநர் வினவுவார். எளிய அவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1846இல் பாஸ்டன் நகரில் மெய்ப்பிக்கப்பெற்ற ஈதர் மயக்கம் மறு ஆண்டே கல்கத்தாவை எட்டியது. ஆயினும் மூளை அறுவைக்கு அது முற்றும் இசையவில்லை. நோயாளி இருமினால் மூளை விம்மும்; கத்தி முனையில் சிற்றசைவும் பேரிடராகும். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சை, 1942இல் மாண்ட்ரியலில் கிரிஃபித் என்பார் தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தினார். நஞ்சே துணையாயிற்று! அதே நகரில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூரில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கி, 1952இல் வலிப்பு நோய்க்கு அறுவை செய்தார். சென்னையில் பி. இராமமூர்த்தி 1950இல் இப்பணியைத் தொடங்கினார்.

இதற்கிடையே, 1938இல் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிட்டாயின் வலிப்பை அடக்கும் என நிறுவியிருந்தனர். மூளைக் கட்டியுடையோர் பலர் அதனை உண்ணலாயினர். பின்னரே சிக்கல் புலப்பட்டது. வாரக்கணக்கில் ஃபெனிட்டாயின் உண்டவர் உடலில் வெக்குரோனியம் போன்ற தசைத்தளர்ச்சி மருந்துகள் விரைவில் வலுவிழப்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. வலிப்பு மருந்து கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவை பின்வரும் மருந்தையும் விரைந்து சிதைக்கின்றன. ஃபென்டனில் என்னும் வலிநீக்கியும் அத்தகையோர்க்கு மிகுதியாக வேண்டப்படுகிறது. வியப்பு யாதெனில், அறுவையின்போது ஊசிவழி புதிதாகச் செலுத்தும் ஃபெனிட்டாயினோ தசைத்தளர்ச்சியை நீட்டிக்கவும் கூடும். ஒரே மருந்து, இரு வேறு முகங்கள்! ஆகவேதான் மணிக்கட்டு நரம்பைச் சிறு மின்தூண்டலால் தட்டி, கட்டைவிரலின் துடிப்பை நோக்கி அளவை முடிவு செய்கின்றனர்.

ஆங்கில மருந்தின் பெயரைத் தயங்காமல் சொல்லும் நம்மவர், அங்காடியில் வாங்கிய சூரணத்தையும் இலேகியத்தையும் மறைத்துவிடுவர். அவை மருந்தல்லவோ? இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் சிலர் பொருட்படுத்துவதில்லை. அதனை எப்போது நிறுத்துவது என மருத்துவரே முடிவு செய்வார். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவதோ பெருங்கேடு. அறுவைக்கு முன்பே வலிப்பு மூண்டுவிடலாம். உணவு விலக்கப்பட்ட அறுவை நாட்காலையிலும், உறவினர் திகைத்து நிற்க, செவிலியர் ஒரு மிடறு நீருடன் அம்மாத்திரையை ஊட்டுவது இதன்பொருட்டே.