கண்ணுக்குத் தப்பிய எண்ணெய்: கரைக்கடல் கண்காணிப்பின் அரை நூற்றாண்டு

1967 மார்ச் 18 அன்று ‘டோரி கேன்யன்’ கப்பல் 1,19,000 டன் குவைத் கச்சா எண்ணெயோடு இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள பாறைகளில் மோதியது. அந்நாளில் எண்ணெய் மாசைக் கண்காணிப்பது என்றால், கரும்படலம் எங்கே மிதக்கிறது, எந்தக் கரையை நோக்கி வருகிறது என்று பார்ப்பதுதான். பிரிட்டிஷ் அரசு கப்பலைக் குண்டுவீசி எரித்தது; படலத்தைக் கலைக்க ஏறத்தாழ 10,000 டன் கரைப்பான்களைத் தெளித்தது. கரை சுத்தமானதுபோல் தெரிந்தது. ஆனால் பிளிமத் கடலுயிர் ஆய்வகத்தார் பாறைகளை நெருங்கி ஆராய்ந்தபோது, அவற்றில் ஒட்டி வாழும் நத்தையினங்களைப் பெருமளவில் கொன்றது எண்ணெயைவிட அந்தக் கரைப்பான்தான் என்று தெரியவந்தது. பார்வைக்குத் தெரியும் எண்ணெய் ஒன்று, உயிர்களைத் தாக்கும் எண்ணெய் வேறொன்று என்பதே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் பாடமாயிற்று. கண்காணிப்பு வரலாற்றை இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியாகவே நான் பார்க்கிறேன். நம் நாடு முதலாவதை அக்கறையோடு கற்றது. இரண்டாவதை அரைகுறையாகவே கற்றது. சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர் அதற்கு விலை கொடுத்தது.

உலக அளவிலான முதல் முயற்சி 1975 முதல் 1978 வரை ஐ.நா. சார்ந்த கடலியல், வானிலை அமைப்புகள் இணைந்து நடத்திய முன்னோட்டத் திட்டம். கடலில் தெரியும் படலங்கள், மிதக்கும் தார் உருண்டைகள், கரையொதுங்கிய தார், நீரில் கரைந்த ஹைட்ரோகார்பன் ஆகிய நான்கையும் அது அளந்தது. பின்னாளில் வட கடல் நாடுகள் விமானத்திலிருந்து படலத்தின் நிறத்தைக் கொண்டே எண்ணெயின் அளவைக் கணிக்கும் முறையை வகுத்தன. அம்முறைப்படி வெள்ளிபோல் மின்னும் படலத்தின் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர்தான். அதாவது 40 லிட்டர் எண்ணெய் ஒரு சதுர கிலோமீட்டர் கடலை மினுங்க வைத்துவிடும். வானிலிருந்து பார்ப்பவருக்குப் பேரழிவாகத் தோன்றும் காட்சி சில குடம் எண்ணெயாக இருக்கலாம். சேற்றுக்குள் புதைந்த டன் கணக்கான எண்ணெய் அவர் கண்ணில் படாமலே போகலாம்.

இந்தக் குறையை உணர்ந்த அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க், கரையோரத்தில் வாழும் ஆளி எனும் சிப்பியினத்தையே காவலாக வைக்கலாம் என்று 1975-ல் முன்மொழிந்தார். எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களை மீன் தன் ஈரலில் சிதைத்து வெளியேற்றிவிடும். ஆளியால் அது பெரும்பாலும் முடியாது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நீரை வடிகட்டும் அதன் சதையில் கடந்த சில வாரங்களின் நீர்நிலை பதிவாகிறது. தண்ணீர் மாதிரி ஒரு கணத்தைச் சொல்லும். ஆளி ஒரு காலத்தைச் சொல்லும். நார்வே இன்னும் ஆழமாகப் போனது. எண்ணெய் மேடைகளைச் சுற்றிய கடலடிச் சேற்றை அள்ளிச் சலித்து, அதில் வாழும் புழுக்களையும் சிப்பிகளையும் இனவாரியாக எண்ணினார்கள். மாசு மேடையை ஒட்டிய சிறு வட்டத்துக்குள் அடங்கும் என்ற நம்பிக்கை அதில் உடைந்தது. ஆறிலிருந்து ஒன்பது ஆண்டுகளில் மாசு 2 முதல் 6 கிலோமீட்டர் வரை பரவியிருந்ததை ஓல்ஸ்கார்டும் கிரேயும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு படலமும் மிதக்காத கடலில் நடந்த மாற்றம் இது.

இந்தியாவிலும் விதை நல்ல விதைதான். கோவாவின் தேசியக் கடலாய்வியல் நிறுவனம் டேங்கர் வழித்தடங்களின் தார் உருண்டைகளை முன்பே ஆராய்ந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் கடல் வளர்ச்சித் துறை கரைக்கடல் நீர்த்தரக் கண்காணிப்பைத் தொடங்கியது; பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் அதன் அளவுப் பட்டியலில் இருந்தது. 1996-ல் கடலோரக் காவல்படையின் பொறுப்பில் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் வந்தது. ஆனால் முந்தையது குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட பருவங்களில் மட்டும் மாதிரி எடுப்பது. பிந்தையது முதன்மையாகக் கப்பல் விபத்தை மனத்தில் வைத்து உருவானது. ஆபத்து கடலிலிருந்து கரைக்கு வரும் என்பது அதன் அடிப்படை.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது அந்த அடிப்படை பொருந்தியது. அப்போதும் கசிவே இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் அறிவித்தது. எர்ணாவூர் கரையில் வாளிகளால் எண்ணெய்ச் சகதியை அள்ள நேர்ந்த பிறகே அளவு புரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க்கு அந்த அடிப்படையே பொருந்தவில்லை. அது மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரத்தை அடைந்தது. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்தின் மழைநீர் மேலாண்மைக் குறைபாட்டை மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் காரணமாகச் சுட்டியது. அலையாத்தி மரங்களின் அடித்தண்டில் நீர் ஏறிய உயரம்வரை கருப்புப் பட்டை படிந்தது. படகும் வலையும் பிசுபிசுத்தன. கரையிலிருந்து கடலுக்குப் போகும் எண்ணெயைப் பிடிக்க நம்மிடம் கண் இருக்கவில்லை.

கரையிலிருந்து வரும் எண்ணெயையும் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. உலகக் கடலில் சேரும் எண்ணெயில் ஏறத்தாழ பாதி இயற்கை ஊற்றுகளிலிருந்து கசிவது. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுமத்தின் 2003 அறிக்கை அதை 46 சதவீதம் என்கிறது. ஆனால் அதே அறிக்கை தரைவழி வழிந்தோடலையும் உள்ளடக்கிய அன்றாடப் பயன்பாட்டின் பங்கை 37 சதவீதமாகவும், போக்குவரத்தின் பங்கை 12 சதவீதமாகவும் வைக்கிறது. கப்பல் விபத்தை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இன்னொரு மறுப்பு: எண்ணூரில் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், நகரச் சாக்கடை எல்லாம் கலக்கின்றன, யாருடைய எண்ணெய் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கச்சா எண்ணெயிலும் ஹோப்பேன் போன்ற, எளிதில் சிதையாத சேர்மங்கள் அதற்கே உரிய விகிதத்தில் அமைந்திருக்கின்றன. ஐயத்துக்குரிய ஒவ்வொரு மூலத்தின் மாதிரியும் முன்கூட்டியே ஆய்வகத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். சிக்கல் வேதியியலில் இல்லை. அந்த மாதிரிகளைக் கேட்டு வாங்கிச் சேமிப்பதற்கான ஆணையில் இருக்கிறது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் முன்னுதாரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் சல்லம் வோ எண்ணெய் முனையம் 1978-ல் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே அடிப்படை ஆய்வுகள் நடந்தன. பணம் தொழிலுடையது, ஆய்வை வழிநடத்தியது சுதந்திரமான குழு. ‘எக்ஸான் வால்டெஸ்’ எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பின் அலாஸ்காவில் அமைந்த குடிமக்கள் ஆலோசனைக் குழு இதே வழியில் 1993 முதல் ஆளிகளையும் படிவுகளையும் அளந்து வருகிறது. மீனவர்களுக்கும் அதில் இடம் உண்டு. கொடுப்பவரே அளப்பவராகவும் இருந்தால் நம்ப முடியாது என்ற ஐயம் நியாயமானது. அதற்கு மருந்து, கட்டணத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கி, அளவீட்டை ஊர்ப் பிரதிநிதிகளும் அமர்ந்த குழுவிடம் ஒப்படைத்து, முடிவுகளைப் பொதுவில் வைப்பதுதான்.

2023 கசிவுக்கான நிவாரணத்தில் மீனவக் குடும்பத்துக்கு ரூ. 12,500 என்றும், 787 படகுகளுக்குத் தலா ரூ. 10,000 என்றும் அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. எவருடைய இறால் பாடு எவ்வளவு குறைந்தது, எந்தச் சேற்றுத் திட்டில் எவ்வளவு எண்ணெய் தங்கியது என்று காட்ட, கசிவுக்கு முந்தைய தொடர் அளவீடு கையில் இருந்தால்தான் இழப்பைக் கணக்கிட்டுக் கேட்க முடியும். பக்கிங்காம் கால்வாய் ஆற்றில் சேரும் இடம், முகத்துவாரம், அலையாத்தித் திட்டுகள் ஆகிய மூன்றிலும் மாதந்தோறும் சேறும் ஆளியும் எடுத்து, அங்கேயே தொழில் செய்யும் மீனவர்களின் மீன்பாட்டுக் கணக்கோடு சேர்த்துப் பதிவு செய்யும் வேலை அடுத்த பருவமழைக்கு முன் தொடங்கியாக வேண்டும்.